உன்ற குழிக்கு என்ற ரோசனை

வா மாப்ள, உக்காரு. கட்டல் வேண்டாம், கயிறு தொங்கிப் போச்சு. இந்தச் சிமெண்டு மேடையில உக்காரு, சில்லுனு இருக்கும். பூசி நாலு வருசந்தான் ஆகுது. உன்ற அத்தை காப்பி வெக்கறா. அது வர்றதுக்குள்ள வந்த சோலியைச் சொல்லிரு. போன்ல நீ சொன்னது பாதி எனக்கு வெளங்குல.

ஓகோ. செப்டிக் டேங்க் லாரிக்காரன் உன்றகிட்ட வந்து, "அண்ணா, உங்க தென்னந்தோப்புல லோடு எறக்கிக்கறேன், நானே லோடுக்கு எறநூறு ரூவா தர்றேன்"னு சொன்னானா? உரத்துக்கு உரமும் ஆச்சு, கைச்செலவுக்குக் காசும் ஆச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல வருவானா? வெளக்கை அமத்திப்போட்டு வருவானா? சபாஷ். சீர் கொண்டார்றவன் மேளத்தோட வர்றான் மாப்ள. வெளக்கை அமத்திப்போட்டு வர்றவன் என்னத்தைக் கொண்டார்றான்னு மோந்து பாக்காமலே சொல்லலாம்.

ஆனா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். தாராளமா எறக்கிக்க. என்ற ரோசனையைக் கேட்டா, தென்னைக்கு மட்டும் உட்டு வீணாக்காதே. கொத்தமல்லிப் பாத்திக்கு உடு, கீரைக்கு உடு. முள்ளங்கி போட்டிருக்கறயே, அதுக்கும் ஒரு லோடு. அந்த முள்ளங்கியை மண்ணோட புடுங்கி, ஒப்புக்கு ஒருக்கா அலசி, பச்சையா அரிஞ்சு தயிர்ல போட்டு, உன்ற மாமனார் வூட்டு ஒரம்பரைக்கு வை. அடுத்த நோம்பிக்கு அவிய யாரும் வர மாட்டாங்க. விருந்துச் செலவு மிச்சம்.

சிரிக்காதே, சமாச்சாரம் கேளு. நாக்குப்பூச்சின்னு சின்னதுல நமக்கெல்லாம் வெளக்கெண்ணெய் ஊத்துவாங்களே, அந்த உருண்டைப் புழு. ஒரு பொட்டைப் புழு நாளைக்கு 2,00,000 முட்டை போடுதாம். நம்ம பண்ணைக் கோழி ஒண்ணு ஒரு முட்டைக்கு அத்தன கூப்பாடு போடுது, இது சத்தமே இல்லாம ரெண்டு லச்சம். அந்த முட்டை நெழல்ல, ஈரத்துல, மண்ணுக்குள்ள வருசக்கணக்குல சாகாமக் கெடக்கும். முள்ளங்கி வழியா வவுத்துக்குப் போனாத்தான் அதுக்குக் கண்ணு தொறக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என்ற பேத்தி. கோயமுத்தூர்ல தண்ணி சோதிக்கற எடத்துல வேலை பாக்கறா. காலேசுல நாலு வருசம் காசு கட்டுனது இதுக்குத்தானான்னு மொதல்ல எனக்கு வெசனமா இருந்துது. இப்ப ஞாயித்துக்கெழமை அவ வந்தா நான் டீவியை அமத்திப்போடறேன்.

காய் ஒசரத்துல இருக்குது, தென்னைக்கு உட்டா என்ன ஒட்டப் போவுதுங்கறே. நல்லாக் கேட்டே. காய்க்கு ஒட்டாது. காய் வுழுந்தா எடுக்கறவன் கைக்கு ஒட்டும், பாத்தி கட்டறவன் காலுக்கு ஒட்டும். கொக்கிப்புழுவுக்கு வாய் வழியாப் போற மரியாதையெல்லாம் கெடையாது, உள்ளங்காலுத் தோலைத் தொளைச்சுட்டு நேரா ஏறீரும். நீ தோப்புக்குப் பூட்ஸ் போட்டுட்டுப் போவே. உன்ற பண்ணையத்துல வேலைக்கு வர்றவன் வெறுங்காலோட நிக்கறான்.

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, மாட்டுச் சாணிக்கு இருக்கற மரியாதை நம்ம சரக்குக்கு இல்ல. கட்டுத்தறைச் சாணியை அள்ளி அப்பிடியே கத்திரிச் செடி வேர்ல அப்புனா உங்கொப்பன் என்ன சொல்லுவாரு? செடி வெந்து போயிரும்டா கிறுக்கான்னு தார்க்குச்சியை எடுப்பாரு. குப்பைக்குழியில போட்டு, சாம்பல், சருகு, கூளம் சேத்து, மக்கி மண்ணு வாசம் வர்ற வரைக்கும் ஆறு மாசம் காத்திருந்து, அப்பறம் வண்டியில ஏத்துவாரு. புல்லு தின்ன மாட்டுக்கே ஆறு மாசம். நீ புரோட்டாவும் சால்னாவும் சாராயமும் மாத்திரையுமா உள்ள போட்டு வெளிய உட்டதுக்கு ஒரு ராத்திரி போதும்னு எவன் சொன்னான்?

சரி, லாரிக்காரனை உடு. உன்ற வூட்டுக் குழி எப்பிடி இருக்குது? கிரகப்பிரவேசத்தன்னைக்கு எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயி, சாமி ரூமைக் காட்டறதுக்கு முன்னால அதைத்தான் காட்டுனே. "மாமா, இத்தாச்சோட்டுக் குழி, இருவத்தஞ்சு வருசத்துக்கு ரொம்பாது"ன்னு மார்தட்டுனே. நானும் எட்டிப் பாத்தேன். கீழ தரை போடுல. சுத்தி ஒறை எறக்கி, அடியில மண்ணை அப்பிடியே உட்டிருந்தே. ரொம்பாதுதான் மாப்ள, எப்பிடி ரொம்பும்? ஓட்டைக் கொடம் ரொம்புனதை எங்காச்சும் பாத்திருக்கறயா? செப்டிக் டேங்குன்னா அடியும் பக்கமும் ஒழுகாம இருக்கோணும். ரெண்டு அறை வெக்கோணும். கெட்டி கீழ தங்கி, தெளிவு மட்டும் வெளிய போகோணும். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா அந்தக் கெட்டியை எடுக்கோணும். உன்றது டேங்கு இல்ல, பொதைகுழி. அங்கிருந்து உன்ற போரு முப்பதடியா நாப்பதடியா? அளக்க வேண்டாம் உடு, அளந்தா காப்பி எறங்காது.

பேத்தி ஒரு சின்னக் குப்பி கொண்டாந்தா, மருந்துக்கடையில இருமல் மருந்து குடுப்பானே அத்தாச்சோடு. உள்ள ஒரு காயிதத்துல மருந்து தடவி வெச்சிருக்குது. தண்ணியை மொந்து கோடு வரைக்கும் ஊத்தி, மூடி, ஒரு ஓரமா வெச்சறோணும். பீயில இருக்கற கிருமிக தண்ணியில இருந்தா ஒரு நாள் ரெண்டு நாள்ல கறுத்துப் போயிரும். போன மாசம் உன்ற வூட்டுக்கு வந்தப்ப, குடிக்கன்னு பாட்டல்ல புடிச்சுட்டு வந்தேனே, ஞாபகம் இருக்குதா? அதைத்தான் ஊத்துனோம். மக்யா நாள் காத்தால பாத்தா, மொதல்ல காயிதம் ஓரத்துல ஒரு பொட்டாட்டக் கறுப்பு. மத்தியானம் மை கரைச்சாப்பல ஆயிருச்சு. உன்ற அத்தை அதைப் பாத்துபோட்டு, அன்னைக்கு உன்ற வூட்டுல நானு ரெண்டு சொம்பு குடிச்சேன்னு நெனைச்சு நெனைச்சு என்னையத்தான் திட்டுனா. உன்னயத் திட்டுல. அண்ணன் மவன் பாசம்.

கோவிச்சுக்காதே. காட்டுக்குப் போடறதுன்னா எப்பிடிப் போடறதுன்னு கேளு, அதுக்கும் வழி இருக்குது. பெரியநாயக்கன்பாளையத்துல, அங்க கருங்குழியில எல்லாம் இதுக்குன்னே நெலையம் கட்டியிருக்கறாங்க, லாரி பட்டப்பகல்ல போயி எறக்குது. பேத்தி என்னைய இந்த மாதிரி ஒரு நெலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. நான் துண்டை மூக்குல சுத்திக்கிட்டுத்தான் எறங்குனேன். உள்ள போனா, ஏரி வத்துனாப்பல ஒரு பாத்தி. கீழ சல்லி, மேல மணலு, அதுக்கு மேல லாரிச் சரக்கைப் பரப்பி உட்டிருக்கறாங்க. தண்ணி மணல் வழியா வடிஞ்சு வேற தொட்டிக்குப் போகுது. மேல தங்குனது வெயில்ல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது, கோடைக் கொளத்துல வண்டல் வெடிக்கற மாதிரியே. அந்த வெடிப்புக்குள்ள பாத்தா, தக்காளிச் செடி. ஒண்ணு ரெண்டு இல்ல, நாத்தங்கால் தோத்துப் போகோணும். யாரும் வெதைக்குல. ஊருல சட்னி தின்னவங்க வெதைச்சது. பழமும் கட்டியிருந்துது, செக்கச்செவேல்னு. காவல்காரரு ஒண்ணைப் பறிச்சு நீட்டுனாரு. நான் இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்கன்னு சொல்லித் தப்பிச்சுட்டேன்.

மாப்ள, அந்தத் தக்காளியைப் பாத்து ஒண்ணு தெரிஞ்சுக்க. தக்காளி வெதையே அத்தனையும் தாண்டிப் பொழச்சு வருதுன்னா, நாக்குப்பூச்சி முட்டை சும்மா செத்துருமா? அதனால காஞ்சா மட்டும் பத்தாது. நம்ம பக்கத்துச் சூட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேல சும்மா போட்டு வெக்கோணும்னு உலக சுகாதார நிறுவனம் 2006ல சொல்லியிருக்குதாம். இல்லீனா குப்பையோட சேத்து அம்பாரம் போட்டுச் சுட வெக்கோணும். அமெரிக்காக்காரன் 1993ல இதுக்கு விதி எழுதி வெச்சிருக்கறான். அம்பாரத்துக்குள்ள 55 பாகை சூடு 15 நாளு நிக்கோணும், அதுக்குள்ள அஞ்சு தடவை பொரட்டிப் போடோணும். ஏன் பொரட்டோணும்? சூடு நடுவுலதான் இருக்கும். கம்பளி போத்துனவனாட்ட நடுவுல இருக்கற கிருமி வெந்து சாகும், ஓரத்துல இருக்கறது காத்து வாங்கிட்டு ஒக்காந்திருக்கும். ஓரத்தை நடுவுக்குத் தள்ளுனாத்தான் எல்லாத்துக்கும் ஒரே நாயம். அப்பறமும் அள்ளிக் கொண்டு போயிச் சோதிச்சு, காஞ்ச சரக்கு ஒரு கிராமுக்கு ஒரு புழு முட்டைக்கும் கம்மியாத்தான் இருக்கோணும்னு உலக சுகாதார நிறுவனத்துக் கணக்கு.

அரைகொறையாச் சுத்தம் பண்ணுன சரக்குன்னா? அமெரிக்காக்காரன் விதிப்படி போடலாம், ஆனா காத்திருக்கோணும். மண்ணைத் தொட்டு வெளையற காய்னா போட்டு 14 மாசம். மண்ணுக்குள்ள வெளையறது, உன்ற முள்ளங்கி ஜாதின்னா, சில சமயம் 38 மாசம். மூணு வருசத்துக்கு மேல. நீ இன்னைக்கு ராத்திரி உட்டு நாளான்னைக்குச் சந்தைக்கு ஏத்தலாம்னு வந்திருக்கறே.

இதைக் கேட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு, சீச்சீ இந்த எழவே வேண்டாம்னு ஓடற ஆளும் நான் இல்ல. மில்வாக்கின்னு அமெரிக்காவுல ஒரு ஊரு, பெரிய ஏரிக்கரையில. அவிய 1926லயே ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி, அதுல தேங்கற சரக்கைச் சூட்டுல ஒணத்தி, குருணையாட்ட ஆக்கி, மூட்டை போட்டு வித்தாங்க. இன்னைக்கும் விக்கறாங்க. மில்லார்கனைட்டுன்னு பேரு. பேரு வெக்கப் போட்டி நடத்துனாங்களாம், நம்ம ஊருல கொழந்தைக்குப் பேரு வெக்கவே அடிச்சுக்கறோம். பெரிய மனுசங்க பந்து அடிக்கற புல்லுத் தரைக்கெல்லாம் அதைத்தான் தூவுறாங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டு எது மேல நடக்கறாங்கன்னு பாரு. அதுல தழைச்சத்து நூத்துக்கு 6 பங்குதான், யூரியாவுல 46 இருக்குது. அதனால யூரியாவுக்கு மாத்தா இதை நெனைச்சீன்னா ஏமாந்து போவே. இது மண்ணுக்குச் சோறு, மருந்தில்ல. நம்ம செம்மண்ணு ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், மண்புழு வரும், உப்பு வாங்குன காடு மெதுவா எளகும்.

சத்துல பெரும்பங்கு எதுல போகுதுன்னு உனக்குத் தெரியாது. மனுசன் ஒருத்தன் வருசத்துக்கு 50 கிலோ அதுவும், 500 லிட்டரு இதுவும் உடறான். தழைச்சத்து முக்காலும் இதுலதான் இருக்குது. முசிறியில சாலியர் தெருவுல ஒரு கக்கூசு கட்டுனாங்க, ரெண்டையும் தனித்தனியாப் பிரிக்கறது. 2008 வாக்குல அங்க போறவங்களுக்குக் காசு குடுத்தாங்க. ஆமா மாப்ள, நீ குடுக்க வேண்டாம், அவிய குடுப்பாங்க, தடவைக்குப் பத்துப் பைசா. அந்தத் தண்ணியை வாழைக்கு உட்டுச் சோதிச்சாங்க. அந்த வேலையை முன்னால நின்னு பண்ணுன சுப்புராமனுக்கு 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நம்ம ஊருல பஸ்ஸ்டாண்டு கக்கூசுல அஞ்சு ரூவா வாங்கிப்போட்டு நம்மகிட்ட இருந்து இத்தனையும் சும்மா எடுத்துக்கறான். யாரு ஏமாளி?

ஆனா ஒரு எடத்துல மட்டும் நான் தமாசு பேச மாட்டேன். நொய்யலை நீ சின்னப் பையனா இருக்கறப்ப பாத்தே, அன்னைக்கே செத்துப்போச்சு. நான் குளிச்ச ஆறு அது. 1992ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டுனாங்க, பாசனத்துக்குன்னு. திருப்பூர்ச் சாயத் தண்ணி தேங்கி, அந்த அணைத் தண்ணி பாஞ்ச காடு பொட்டலாப் போச்சு. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் மூடச் சொல்லுச்சு. அதுக்கப்பறமும் காட்டுக்காரனுக்குப் போன மண்ணு வருல. எதுக்குச் சொல்றேன்னா, மனுசன் சரக்கு மட்டும் வந்தா அதை வெயிலும் சூடும் நாளும் அடக்கீரும். அதோட சாயமும், முலாம் பூசற பட்டறைத் தண்ணியும் சேந்து வந்தா ஆண்டவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. காட்மியம்னு ஒண்ணு, முலாம் பட்டறையில இருந்து வர்றது. வெந்தாலும் சாகாது, மக்குனாலும் போகாது, நெல்லு வழியா, கீரை வழியா வந்து சிறுநீரகத்துல உக்காந்துக்கும். ஊர்க்குப்பை உரத்துல அது ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு நம்ம அரசாங்கமே உரச் சட்டத்துல எழுதியிருக்குது. உன்ற ராத்திரி லாரிக்காரன் ஒரு டேங்குல எத்தன எடத்துச் சரக்கை ஏத்திட்டு வர்றான்? மண்டபம், ஆஸ்பத்திரி, பட்டறை? கேட்டுப் பாரு. "எல்லாம் வூட்டுச் சரக்குதாங்ணா"ம்பான். அவனும் பாவம், மோந்து பாத்துச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவுலயே மெயின்னு ஒரு மாகாணம். சுத்தம் பண்ணுன சரக்குத்தான்னு நம்பி வருசக்கணக்கா மேய்ச்சக்காட்டுல போட்டாங்க. தோசை ஒட்டாத சட்டிக்கும் மழை ஒட்டாத துணிக்கும் பூசற ஒரு வகை ரசாயனம் அதுல இருந்திருக்குது. பாலுல வந்துருச்சு. மாட்டை வெச்சிருக்கறவன் பால் விக்க முடியல, காட்டை விக்கவும் முடியல. 2022ல அந்த மாகாணம் காட்டுக்குப் போடறதே கூடாதுன்னு சட்டம் போட்டிருச்சு. அத்தன சட்டம், அத்தன சோதனை வெச்சிருக்கறவனே எதைச் சோதிக்கோணும்னு தெரியாமக் கோட்டை உட்டான்னா, மாப்ள, சட்டமே பாக்காத நம்ம ராத்திரி லாரிக்கு யாரு சாட்சி?

ஏன், சாட்சின்னதும் ஞாபகம் வந்துது. ஊருல சாக்கடையாட்ட நெசம் பேசறது வேற எதுவும் இல்ல. டாக்டருகிட்டப் பொய் சொல்லலாம், பொண்டாட்டிகிட்டச் சொல்லலாம், சாக்கடைகிட்ட முடியாது. 2013ல இஸ்ரேல்ல ரஹத்துன்னு ஒரு ஊர்ச் சாக்கடையில போலியோக் கிருமி இருந்துது. ஒரு கொழந்தைக்கும் கால் வெளங்காமப் போகுல, ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வருல. சாக்கடைதான் தாக்கல் சொல்லுச்சு. அதுக்கப்பறம் கிட்டத்தட்ட 10 லச்சம் கொழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊத்துனாங்க. கொரோனா வந்தப்ப நெதர்லாந்துல அமர்ஸ்ஃபோர்ட்டுன்னு ஒரு ஊருல, மொத நோயாளி தெரியறதுக்கு 6 நாளைக்கு முன்னாலயே சாக்கடையில தெரிஞ்சு போச்சு. நம்ம மும்பையில 2001ல இருந்தே போலியோவுக்காகச் சாக்கடையை மொந்து பாக்கறாங்க. மொந்து பாக்கற வேலையை ஒருத்தன் சம்பளம் வாங்கிட்டுப் பண்ணறான், அவன் பேரு யாருக்குமே தெரியாது. பேத்தியும் அந்த ஜாதி வேலைதான். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்தப்ப, "பொண்ணு என்ன வேலை"ன்னு கேட்டாங்க. உன்ற அத்தை, "கம்ப்யூட்டருங்க"ன்னுட்டா.

இன்னொண்ணு. உன்ற குழியை எடுக்கறப்ப ஓசு உள்ள போயி, "அடியில கெட்டியாக் கெடக்குதுங்க, ஆளை எறக்கிக் கலக்கி உடோணும்"னு எவனாச்சும் சொல்லுவான். எறநூறு ரூவா எச்சாக் கேப்பான். அப்ப மட்டும் உன்ற கருமித்தனத்தைக் காட்டு, ஒரு பைசா குடுக்காதே, ஆளை எறக்க உடாதே. உள்ள இருக்கற வாயு மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். கொஞ்சம் எச்சான ஒடனே மூக்கு மரத்துரும், நாத்தம் நின்னாப்பல இருக்கும். சரியாப் போச்சுன்னு நெனைச்சுக் குனிவான், அத்தோட சரி. தூக்கப் போனவனும் சேந்து போவான். 2013ல சட்டம் வந்து அது குத்தமாகி இத்தன வருசமாச்சு. 2023ல சுப்ரீம் கோர்ட்டு, செத்தவன் குடும்பத்துக்கு 30 லச்சம் குடுக்கோணும்னு சொல்லுச்சு. அந்தச் சோலிக்கு எந்தத் தெருவுல போயி ஆளைக் கூப்புடறோம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தெருவுல ஒரு வூட்டுக்காச்சும் உன்ற கலியாணப் பத்திரிகை போச்சா? என்றதும் போகுல. சரி, இதை உடு.

லாரிக்காரனுக்கு நாளைக்கே போன் போடு. பகல்ல வரச் சொல்லு. உன்ற குழியை எடுத்துட்டு, நெலையத்துல எறக்கிபோட்டு, எறக்குன சீட்டைக் கொண்டாந்து காட்டுனாத்தான் மீதிக் காசுன்னு சொல்லு. அங்க மக்க வெச்சுச் சோதிச்ச எரு குடுத்தாங்கன்னா வாங்கியாந்து தென்னைக்கு வை, சோதிச்ச காயிதத்தைக் கேட்டு வாங்கிட்டு வை. அந்த எறநூறு போச்சேன்னு அழுகாதே.

என்ன மாப்ள, வாய்க்குள்ளயே முனகறே? சத்தமாக் கேளு. என்ற குழியை எப்ப எடுத்தேன்னா? அது வந்து... ஏனுங்க அம்மிணி, காப்பி என்னாச்சு?

"காப்பி கெடக்கட்டும். ஏஞ்சாமி, உங்க மாமன்கிட்டயா கேக்கறே? கட்டுன நாள்ல இருந்து எடுக்குல. மூடி எங்க இருக்குதுன்னு கேளு. மூடி மேல சந்து சந்தா நாறுதுன்னு சொன்னேன், மேஸ்திரியைக் கூப்புட்டு அது மேலயே மேடை கட்டிப் பூசிப்போட்டாரு. நீ சில்லுனு உக்காந்திருக்கறயே, அதேதான்."

எந்திரிக்காதே, உக்காரு மாப்ள, ஒண்ணும் ஆகாது, நல்ல சிமெண்டு. காப்பியை வாங்கிக் குடி. அந்த லாரிக்காரன்கிட்ட, ரெண்டு வூட்டுக்கும் சேத்துன்னா எவ்வளவு கொறைப்பான்னு ஒரு வார்த்தை கேளு.